ஒரு கீறலும் இல்லாத கேரவன்

என் அக்கா புருஷனுக்கு ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் பெயர் 'இருப்பு'. இருபத்தெட்டு வருடமாக அவர் அங்கே ஸ்டோர் கீப்பர். தலையணை உறை கேட்டு நர்ஸ் போனால், "இருப்புல இருக்கும்மா, ஆனா இப்ப தர முடியாது" என்பார். தந்துவிட்டால் அப்புறம் இருப்பு எப்படி இருக்கும்? நானூறு புது விரிப்புகள் மடிப்புக் கலையாமல் அலமாரியில் அடுக்கியிருக்க, வார்டில் நோயாளிகள் வெறும் ரெக்ஸின் மெத்தையில் முதுகு ஒட்டிக் கிடந்தார்கள். தணிக்கைக்கு வந்தவர்கள் வார்டுப் பக்கம் போகவில்லை. அலமாரியைப் பார்த்தார்கள், மூன்று முறை பாராட்டுக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டிலும் அதே நிர்வாகம்தான். டிவி ரிமோட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. அந்த உறை அழுக்காகிவிடக் கூடாதே என்று அதன் மேல் இன்னொன்று. சேனல் மாற்ற இரண்டு கட்டைவிரலும் வேண்டும். சோபா வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. அது நீலமா கறுப்பா என்று அடித்துச் சொல்ல அந்த வீட்டில் ஆள் கிடையாது. கல்யாணத்துக்கு வந்த ஆறு பீங்கான் கோப்பைகள் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. ஸ்டீல் டம்ளரில் குடித்துக்கொண்டே நாம் அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா இதையெல்லாம் வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டாள். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அவள்மேலும் இருந்தது. அவளுக்கென்று இருந்த ஒரே ஆசை சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்தது. ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டிய படம். ஒரு ஏரி, கரையில் ஒரு கேரவன், அதன் படியில் கையில் கோப்பையோடு ஒரு பெண். பதினொரு வருடமாக எண்ணெய் டப்பா எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்க்கிறாள்.

"ஒரே ஒரு நாள் இப்படி உக்காந்து டீ குடிக்கணும்டா. நானே போட்ட டீ. அவ்வளவுதான்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

மாமா லீவையும் இருப்பில்தான் வைத்திருந்தார். இந்த வருடம் ஆபீஸிலிருந்து கடிதம் வந்துவிட்டது: மாதக் கடைசிக்குள் எடுக்காத லீவு காலாவதி. பத்திரமாக வைத்திருந்த பொருள் ஒன்று கெட்டுப்போகப் போகிறது என்றதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். அந்த நேரம் பார்த்து அக்கா கேரவனைப் பற்றிப் பேச்செடுத்தாள். லாட்ஜ் மெத்தையில் யார் யாரோ படுத்திருப்பார்கள் என்பது மாமாவுக்குப் பெரிய அருவருப்பு. "புது வண்டியா இருந்தா போலாம்" என்றார். அக்கா அன்று எண்ணெய் டப்பாவைக் கீழே போட்டுவிட்டாள்.

நான் வேலை பார்ப்பது லாரி கம்பெனியில். கனரக வண்டி லைசென்ஸ் இருப்பதால் ஓட்டுவதற்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். காலேஜில் படிக்கும் அக்கா மகள் நாலாவது ஆள்.

வாடகை வண்டி ஷெட்காரர் நல்ல மனிதர். கையெல்லாம் கிரீஸ். கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, கழிவறை, வாசலில் இழுத்துவிடும் மடக்குப் படி என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மாமா ஒவ்வொன்றையும் நாலு கோணத்தில் போட்டோ எடுத்தார்.

"இதுக்கு முன்னாடி யார் எடுத்துட்டுப் போனாங்க?"

"ஷோரூம்ல இருந்து வந்தே ரெண்டு நாள்தான் சார் ஆச்சு. நீங்கதான் முதல் பார்ட்டி."

எங்கள் பயணம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

"சின்னச் சின்னக் கீறல், கறையெல்லாம் இன்ஷூரன்ஸ்ல போயிடும் சார். கவலைப்படாம யூஸ் பண்ணுங்க" என்றார் ஷெட்காரர். யாரோ கெட்ட வார்த்தை பேசியதுபோல மாமா முகம் சுளித்தார்.

முதல் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தச் சொன்னார். தன் பையிலிருந்து பிளாஸ்டிக் சுருள் ஒன்றை எடுத்தார். கட்டில், மேஜை, தொட்டி, குழாய் என்று எல்லாவற்றையும் சுற்றி டேப் ஒட்டினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் கழிவறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அப்பா, இது கேரவனா மியூசியமா?" என்றாள் மகள்.

"முதல் கீறல் நம்ம கையால விழக் கூடாது."

"அப்ப பாத்ரூம்?"

"அதான் பங்க்ல இருக்கே. இப்பவே போயிட்டு வந்துடு."

மூன்று நாளும் அப்படித்தான் போயிற்று. வீட்டையே சக்கரத்தில் ஓட்டிக்கொண்டு போய் லாட்ஜ் வாசலில் நிறுத்திவிட்டு ரூம் கேட்போம். வரவேற்பில் இருப்பவர் எங்களைப் பார்ப்பார், ஜன்னல் வழியே வண்டியைப் பார்ப்பார், மறுபடி எங்களைப் பார்ப்பார். மானம் போய்விட்டது. யார் யாரோ படுத்த மெத்தையில் நாங்கள் மூன்று பேரும் படுத்தோம். மாமா மட்டும் வண்டியில் தங்கினார். கட்டிலில் அல்ல. அது கசங்கிவிடும். முன்சீட்டில் உட்கார்ந்தபடியே காவல் காத்தார்.

ஊர் ஊராகச் சுற்றி, மூன்றாம் நாள் மத்தியானம் ஏரிக்கு வந்து சேர்ந்தோம். தண்ணீருக்குப் பத்தடி தள்ளி, வாசல் ஏரியைப் பார்க்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். என் சர்வீஸில் அவ்வளவு அக்கறையாக எந்த வண்டியையும் நிறுத்தியதில்லை. அப்படியே அந்தப் படம்தான். ஆள் மட்டும்தான் பாக்கி.

அக்கா தன் துணிப்பையை மடியில் வைத்திருந்தாள். உள்ளே கெட்டில், டீத்தூள், பால் பவுடர், சர்க்கரை. அடியில் துண்டில் சுற்றி ஏதோ இருந்தது. வீட்டிலிருந்தே அந்தப் பையை யார் கையிலும் கொடுக்காமல் வந்திருந்தாள்.

"என்னங்க, அடுப்பைப் பத்த வைக்கட்டுமா?" என்றாள். கேட்டதுதான் அவள் செய்த தப்பு.

"கம்பெனி ஸ்டிக்கரே இன்னும் உரிக்கல. எரிஞ்சா தடம் அப்படியே நின்னுடும்."

"சரி. படியிலயாவது சும்மா உக்காந்துக்கறேன்." உட்கார்ந்தும்விட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"எந்திரி, எந்திரி! அது மடக்குப் படி. உன் வெயிட்டுக்கு வளைஞ்சிடும்."

அக்கா எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு தண்ணீர்ப் பக்கமாக நாலடி நடந்து நின்றாள். பக்கத்தில் மகள் இருந்தாள், நான் இருந்தேன், கொஞ்சம் தள்ளி வேறொரு குடும்பமும் இருந்தது.

"ஒரு டீதானே மாமா" என்றேன்.

"மாப்ளே, எடுத்த மாதிரியே திருப்பிக் கொடுக்கணும். அதான் மரியாதை."

ரோட்டோரக் கடையில் காகிதக் கப்பில் டீ வாங்கிக் குடித்தோம். கடை ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. மாமா ஒருவருக்குத்தான் பரம சந்தோஷம். "எல்லாரும் வண்டிகிட்ட போய் நில்லுங்க, போட்டோ எடுக்கறேன்" என்றார். "தொடாம நில்லுங்க."

மறுநாள் நாலு மணிக்கு வண்டியை விட வேண்டும். மூன்றேகாலுக்கே ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார் மாமா. வழியிலேயே பிளாஸ்டிக்கை எல்லாம் உரித்து, மடித்து, பையில் வைத்துவிட்டிருந்தார். ஷெட்காரர் உள்ளே ஏறிக் கட்டிலைத் தொட்டுப் பார்த்தார், தொட்டியை முகர்ந்து பார்த்தார், இறங்கி வந்தார்.

"வீட்ல ஏதாவது விசேஷமா சார்? பயணம் கேன்சலா?"

"நாலு நாளும் போயிட்டுத்தானே வர்றோம்!"

"அப்ப இதெல்லாம்?"

"அப்படியே வச்சிருந்தோம்." மாமாவின் நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னே வந்தது. "ஒரு கீறலும் இல்லைன்னு எழுதிக் கொடுங்க. சீல் போட்டு."

அப்படி எழுதிக் கேட்ட ஆளை ஷெட்காரர் அதுவரை பார்த்ததில்லை. ஆபீஸ் அறைக்குள் போய்ச் சீல் எங்கே இருக்கிறது என்று தேடி, ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு முறை குத்திக் கொடுத்தார். "நல்லவேளை சார், நாலரைக்கு அடுத்த பார்ட்டி வர்றாங்க. காலேஜ் பசங்க ஆறு பேர். ரெண்டு நாய்."

மாமா முகத்தில் ஈயாடவில்லை. "நாயா?" என்றார்.

அப்போது வெளியே கெட்டில் விசிலடித்தது.

ஓடி வந்து பார்த்தோம். அக்கா கேரவனின் படியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஏரி இல்லை, ஆள் உயரத்துக்குப் பழைய டயர்க் குவியல். கையில் பீங்கான் கோப்பை. துண்டில் சுற்றியிருந்தது அதுதான். கண்ணாடி அலமாரியிலிருந்து இரண்டை எடுத்து வந்திருக்கிறாள். அடுப்பிலிருந்து உரித்த ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு மகள் பக்கத்தில் நின்றாள். படி வளையவில்லை. நான் குனிந்தே பார்த்தேன்.

"ஐயோ, இப்பத்தான் எழுதி வாங்கினேன்!" என்றார் மாமா.

"நாலு மணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்குங்க. அதுவரைக்கும் நம்ம வண்டிதான்."

இரண்டாவது கோப்பையை ஷெட்காரரிடம் நீட்டினாள். அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். அப்படியும் இருபத்தாறு வருடம் யார் வாயும் படாத கோப்பையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. மாமா அந்த ஐந்தையும் எண்ணினார் என்று நினைக்கிறேன்.

"அடுத்த மாசம் வண்டி எப்பங்க காலியா இருக்கும்?" என்று அக்கா கேட்டாள்.

"பதினாலுக்கு மேல இருக்கும்மா. ஆனா அப்ப புதுசா இருக்காதே. பசங்க ஒரு வழி பண்ணிடுவாங்க."

"பண்ணட்டும். எனக்கு அதான் வேணும். ஏரிக்கரையில ரெண்டு நாள். பேர் எழுதிக்குங்க, மூணு பேர். நானு, என் பொண்ணு, ஓட்டறதுக்கு என் தம்பி."

"அப்ப நான்?" என்றார் மாமா.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாக அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"உங்க கையில இருக்கே அந்தப் பேப்பர், அதை யாராவது வீட்ல இருந்து பத்திரமா பாத்துக்கணும்ல?"

மாமா காகிதத்தைப் பார்த்தார். பிறகு, பழக்கதோஷம், சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து அதை உள்ளே போட்டார்.