மூலையில் உட்கார்ந்து எழுதுகிறவர்

நாற்காலியும் பள்ளிக்கூட பெஞ்சும் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் மினிட்ஸ் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருஷமாக அங்கே நடந்த ஒவ்வொரு கூட்டத்திலும் மூலை நாற்காலியில் உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் பிடித்து, மறுநாள் அதைக் கூட்டக் குறிப்பாகத் தட்டச்சு செய்து கோப்பில் வைத்தவர் அவர். எத்தனையோ மேலாளர்கள் வந்தார்கள், போனார்கள். மினிட்ஸ் சார் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். அதற்குக் காரணம் அவருடைய கைப்பக்குவம்.

யாராவது மேஜையைக் குத்திக் கத்தினால், கோப்பில் அவர் 'வலியுறுத்தினார்'. யாராவது அழுதால் 'தம் நிலையை விளக்கினார்'. ஒருமுறை விற்பனைக்காரரும் கொள்முதல்காரரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். 'இரு பிரிவினரும் நெருங்கிக் கலந்துபேசினர்' என்று எழுதி வைத்தார். படித்த இருவருமே சிரித்துவிட்டார்கள், சண்டையும் அத்தோடு ஆறிப்போனது. தன் பேனாவால் ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. கொஞ்சம் அதிகப்படியான பெருமைதான். ஆனால் பெருமைப்பட்டுக்கொள்ள அந்த மனுஷனுக்கு வேறு என்ன இருந்தது?

வீட்டில் அவரும் மனைவியும்தான். சாயங்காலம் ஏழு மணி அடித்தால் இருவரும் தொலைக்காட்சி முன்னால் ஆஜர். அப்போது ஒரு வரலாற்றுத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து, டியூடர் வம்சத்து அரசவை. மூக்குக்கு மேல் கோபம் வரும் ஒரு ராஜா, அவர் காதில் ஓதிக்கொண்டே இருக்கும் ஓர் அமைச்சர், எந்த நேரமும் தலை போகலாம் என்ற நிலையில் ஒரு ராணி. எல்லோரும் சுத்தமான தமிழில் பேசினார்கள், உதடு மட்டும் வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

மனைவிக்கு ராணியின் உடுப்பும் முத்து மாலையும் போதும். அவருக்கோ, அரசவைக் காட்சி வந்தால் கண் நேராக மூலைக்குப் போகும். அங்கே ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு இறகுப் பேனாவால் எழுதிக்கொண்டிருப்பான். வசனம் கிடையாது, பெயர் கிடையாது, ஒரு தடவைகூட அவன் முகத்தைக் காட்டியதில்லை.

"பாரு, பாரு, அவன் எழுதவே இல்ல. சும்மா இறகை ஆட்டுறான். இத்தனை நேரத்துல ரெண்டு தடவையாவது மை தொட வேண்டாமா?"

"இவ்வளவு பெரிய அரண்மனையில உங்களுக்கு அந்தக் குமாஸ்தாதான் கண்ணுல படுறானா?" என்பாள் மனைவி.

இந்தப் பேச்சு வளர்ந்து அவர்களுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஒரு காட்சி முடிந்ததும் அவள் திரும்பி, "இதை எப்படி எழுதுவீங்க?" என்று கேட்பாள். அவர் தொண்டையைச் செருமிக்கொள்வார். ராஜா தட்டைத் தூக்கி எறிந்தாரா, 'மன்னர் உணவு குறித்துத் தம் எண்ணத்தைப் பகிர்ந்தார்'. ஒருவன் தலையை வெட்டச் சொன்னாரா, 'அப்பதவிக்கு மாற்று ஏற்பாடு செய்ய முடிவாயிற்று'. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "நம்ம கல்யாணத்தன்னைக்கு எங்க சித்தப்பா போட்ட சண்டையைக்கூட 'உறவினர்கள் திரளாகப் பங்கேற்றனர்'னு எழுதியிருப்பீங்க" என்பாள்.

இப்படியே போயிருக்க வேண்டிய நாட்கள். நடுவில் ஒரு பெஞ்சு உடைந்தது.

ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போன புது பெஞ்சு அது. பின்னங்கால் மடங்கி மூன்று பிள்ளைகள் விழுந்ததில் ஒரு பெண்ணுக்கு முழங்கை எலும்பு முறிந்துவிட்டது. முதலாளியம்மா விசாரணை வைத்தார். வெளியே போகும் சாமான்களைச் சோதித்து அனுப்புவது செக்கிங் அம்மாவின் வேலை. காலுக்கு மெல்லிய குழாய் போட்டால் போதும் என்று முடிவெடுத்தவர் மேலாளர். அவரோ, 'அந்தம்மா ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை' என்று கையை விரித்துவிட்டார். வேலை போனால் அந்தம்மாவுக்கு இன்னொரு வேலை லேசில் கிடைக்காது. குழந்தைக்கு எலும்பு முறியக் காரணமானவள் என்ற பெயரோடு எந்தக் கதவைப் போய்த் தட்டுவது?

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு செக்கிங் அம்மா மினிட்ஸ் சாரின் மேஜைக்கு வந்தாள். முகத்தில் கவலையே இல்லை.

"சார், நாலு மாசம் முன்னாடி கூட்டத்துல நான் கத்துனேன்ல? நீங்க எழுதியிருப்பீங்க. எனக்கு அது போதும்."

"இருக்கும்மா, எல்லாம் இருக்கு" என்றார்.

அவள் போனபிறகு கோப்பை எடுத்துப் பார்த்தார். ஏழாவது பத்தி. 'பெஞ்சின் கால் குறித்தும் கருத்துப் பரிமாறப்பட்டது.' அவ்வளவுதான். யார் சொன்னது, என்ன சொன்னது, ஒன்றும் கிடையாது. யாரும் அவரை மிரட்டி இப்படி எழுத வைக்கவில்லை. அன்றைக்கு வழக்கம்போல அவராகவே இழைத்து வழவழப்பாக்கிய வரி அது. கோப்பை மூடி வைத்துவிட்டார். பார்ப்போம், எப்படியாவது சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருக்கு ஓய்வு பெற ஐந்து மாதம்தான் பாக்கி. இரண்டு வருஷம் பணி நீட்டிப்பு தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார், அந்தக் காகிதம் கையெழுத்தாகாமல் இன்னும் மேலாளரின் மேஜையில் கிடந்தது.

அன்று சாயங்காலம் தொடரில் ராணி மீதான விசாரணை. பெரிய கூடம், சுற்றிலும் பிரபுக்கள், நடுவில் ராணி தனியாக. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் நறுக்கென்று பதில் சொன்னாள். மூலையில் அவன் குனிந்து எழுதினான். கடைசியில் அமைச்சர் அந்தக் காகிதத்தை வாங்கி வாசித்தபோது, ராணி சொன்ன பதில் ஒன்றுகூட அதில் இல்லை. பிரபுக்கள் ஒவ்வொருவராக எழுந்து தீர்ப்புச் சொன்னார்கள். மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அழுதுவிடக் கூடாதே என்று விளையாட்டை இழுத்தாள்.

"சொல்லுங்க, இதை எப்படி எழுதுவீங்க?"

"ராணி குறித்தும் கருத்துப் பரிமாறப்பட்டது" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. மனைவி சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஒலியைக் குறைத்தாள்.

"என்னங்க?"

எல்லாவற்றையும் சொன்னார். ஏழாவது பத்தியை அப்படியே ஒப்பித்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்தேழு வயதில் மனைவி முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சுருக்கெழுத்து நோட்டுல அந்தம்மா சொன்னது இருக்கா?" என்று கேட்டாள்.

"வார்த்தைக்கு வார்த்தை இருக்கு. தேதி, பக்க நம்பரோட. ஆனா ஆபீஸ்ல அதை யாரும் படிக்க முடியாது."

"நீங்க படிக்கலாம்ல?"

"படிச்சா, 'இதை ஏன் மினிட்ஸ்ல எழுதல'ன்னு முதல்ல என்னைத்தான் கேப்பாங்க. முப்பத்தொரு வருஷக் கோப்பும் சந்தேகத்துக்கு வந்துடும். நீட்டிப்பும் போகும்."

"போகும்தான்" என்றாள் அவள். ஓசையில்லாத திரைப் பக்கம் திரும்பினாள். அங்கே ராணியை அழைத்துக்கொண்டு போனார்கள். "அந்த மூலையில இருந்தவன் சரியா எழுதியிருந்தா, இவ பொழைச்சிருப்பாளாங்க?"

"தெரியல. அவன்தான் கடைசி வரைக்கும் வாயைத் திறக்கலையே."

விசாரணை நாளன்று அந்த அறையில் நான்கு பேர். மேஜையின் தலைப்பக்கம் முதலாளியம்மா, எதிரெதிரே மேலாளரும் செக்கிங் அம்மாவும், மூலையில் நோட்டும் பேனாவுமாக மினிட்ஸ் சார். அவர் மடியில் இன்னொரு நோட்டும் இருந்தது.

முதலாளியம்மா கோப்பைத் திறந்து ஏழாவது பத்தியை வாசித்தார். ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் வாசித்தார். "நீ சொன்னதா இதுல எதுவும் இல்லையேம்மா."

செக்கிங் அம்மா மூலையைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். வழி தெரியாத இடத்தில் இறக்கிவிடப்பட்டவள் மாதிரி பார்த்தாள்.

அவர் பேனாவை மூடினார். முப்பத்தொரு வருஷத்தில் கூட்டத்தின் நடுவே அவர் பேனாவை மூடியது அதுதான் முதல் தடவை. மடியில் இருந்த நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"அம்மா, அந்தப் பத்தி நான் எழுதினது. அது தப்பு. அன்னைக்கு நடந்தது இந்த நோட்டுல இருக்கு. நான் படிக்கிறேன். சந்தேகமிருந்தா சுருக்கெழுத்து தெரிஞ்ச வெளியாள் யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்க."

அனுமதிக்குக் காத்திருக்காமல் படித்தார். "செக்கிங் அம்மா: 'இந்தக் கால் ஆறு மாசம் தாங்காது சார். குழந்தைங்க உக்கார்ற பெஞ்சு. நான் இதுக்குப் பொறுப்பு ஏத்துக்க மாட்டேன்.' மேலாளர்: 'நீ ஏத்துக்க வேண்டாம், நான் பாத்துக்கறேன். உன் வேலையைப் பாரு.'"

செக்கிங் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்புறம் ஏன் இப்படி எழுதினீங்க?"

"யாருக்கும் வருத்தம் வரக் கூடாதுன்னு. இப்படியே எழுதி எழுதிப் பழகிட்டேன்மா."

மேலாளர் நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்தார். மேஜையில் ஓங்கி அடித்தார். "யோவ், உன்னை யாருய்யா பேசச் சொன்னது? உனக்கு நீட்டிப்பு வேணுமா வேணாமா?"

முதலாளியம்மா குரலை உயர்த்தவில்லை. "மினிட்ஸ் சார், உக்காருங்க. இதையும் மினிட்ஸ்ல இப்பவே எழுதிடுங்க."

அவர் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். பழக்கதோஷத்தில் கை தானாக ஓடியது. 'மேலாளர் தம் கருத்தை வலியு' என்று போய்க்கொண்டிருந்த வரியில் நின்றது. அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்தார். சுருக்கெழுத்திலும் எழுதவில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கும்படி முழு எழுத்தில், நிதானமாக எழுதினார்: 'மேலாளர் மேஜையில் அடித்துக் கத்தினார்.'