இடப்பக்கம் நின்ற கோவிந்தசாமி

எனக்கு முதலில் வந்தது தலைவலி அல்ல. வீட்டுக்குள் நடக்கும்போது இடது தோள் கதவு நிலையில் இடித்துக்கொண்டே இருந்தது. வயது நாற்பத்து மூன்று. கவனக்குறைவு என்று விட்டுவிட்டேன்.

அப்போது திருத்துறைப்பூண்டிப் பக்கம் சர்வேயராக இருந்தேன். நில உச்சவரம்புச் சட்டம் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்த பண்ணை நிலத்தைக் கூலி விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுக்க அளந்துகொண்டிருந்தோம். ஒரு வரப்பில் பண்ணையின் ஆட்கள், எதிர் வரப்பில் செங்கொடியோடு ஜனங்கள். நான் ஓர் எல்லைக்கல்லைத் தவறவிட்டு, அடுத்த கல்லிலிருந்து கோடு பிடித்தேன். ஒரு துண்டு நிலம் பண்ணைப் பக்கம் போனது. ஜனங்கள் கொதித்தார்கள்.

நிலம் அளக்கும் செயினைப் பிடிக்கும் கோவிந்தசாமியிடம் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். “கல்லை ஏன்யா காட்டலை? பண்ணை வீட்டுல காசு வாங்கிட்டியா?”

“உங்க இடப்பக்கம் கல்லுகிட்டயே கையைத் தூக்கிக்கிட்டு நின்னேன் சார். நீங்கதான் பாக்கலை.”

நான் நம்பவில்லை. புகார் எழுதிக் கொடுத்தேன். அவரை மயிலாடுதுறைக்கு மாற்றினார்கள்.

அடுத்த ஆண்டு சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தேன். தஞ்சாவூரில் கண் டாக்டர் என்னை நேரே பார்க்கச் சொல்லி, இரு பக்கமும் விரலை அசைத்தார். எந்தப் பக்கமும் தெரியவில்லை. மண்டையை எக்ஸ்ரே எடுத்ததில், பிட்யூட்டரி (மூளையின் அடியில், மூக்குக்கு நேர் பின்னால் இருக்கும் பட்டாணி அளவுச் சுரப்பி) உட்கார்ந்திருக்கும் எலும்புக்குழி விரிந்திருந்தது. சி.டி. ஸ்கேனுக்காக (தலையைக் குறுக்காகத் துண்டு துண்டாகப் படமெடுக்கும் முறை) சென்னைக்கு அனுப்பினார்.

இந்தச் சுரப்பி கெட்டால் அதுவும் கெடும் என்று சொல்லி, சென்னை டாக்டர் தாம்பத்தியம் எப்படி என்று கேட்டார். “ஒரு குறையும் இல்லைங்க” என்றேன்.

என் மனைவி ராஜம் தலை நிமிராமல், “மூணு வருஷமா இல்லைங்க டாக்டர்” என்றாள்.

குறை தன்னிடம்தான் என்று அவள் நினைத்திருந்தாள். நான் அப்படியே நினைக்க விட்டிருந்தேன். உங்களுக்கும் இப்படி இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். வீட்டிலும்தான்.

ஸ்கேன் படத்தில் அந்தச் சுரப்பியில் ஒரு கட்டி வெள்ளையாகத் தெரிந்தது. பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தைக் கீழிருந்து முட்டிக்கொண்டிருந்தது; ஓரப் பார்வை போனது அதனால்தான். “புற்று இல்லை. ஆனா மெதுவா வளர்றது. பல வருஷமா இருந்திருக்கும்” என்றார் டாக்டர். கோவிந்தசாமியிடம் கத்திய நாளும் அதற்குள்தான் வரும் என்று புரிந்தது. பயத்துக்கு முன்னால் வெட்கம் வந்தது.

மூக்கு வழியாகக் கட்டியை எடுத்தார்கள். வலப்பக்கப் பார்வை திரும்பியது. இடப்பக்கம் பாதிதான்.

நடமாட்டம் வந்ததும் படத்தோடு மயிலாடுதுறை போனேன். கோவிந்தசாமி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எனக்குப் புரியுது சார். வரப்புல நின்ன ஜனங்களுக்கு? என் மச்சான் அந்த ஊர்தான். இன்னும் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கலை.”

மேலிடத்துக்கு என் தவறை எழுதினேன். மறு அளவையில் துண்டு நிலம் ஜனங்களுக்கே வந்தது. பிறகு அவர்கள் தெருவில் நின்று நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். கோவிந்தசாமியின் மச்சான் மட்டும் எழுந்தார்.

“கண்ணு தெரியலை, சரி. காசு வாங்கினார்னு எதை வச்சு சொன்னீங்க?”

நானும் பண்ணையில் கூலி வேலை பார்த்தவரின் மகன்தான். “எதை வச்சும் இல்லை” என்றேன். மச்சான் அடுத்த வாரம் மயிலாடுதுறையில் கோவிந்தசாமி வீட்டுக்குப் போய்வந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

இப்போது காலையில் மாத்திரை. ஆண்டுக்கொரு ஸ்கேன். யாரிடமும் பேசுமுன் தலையை முழுக்க இடப்பக்கம் திருப்பிப் பார்க்கிறேன். கட்டி எந்த நாளில் நரம்பைத் தொட்டது என்று எந்தப் படத்திலும் இல்லை. அதனால் கடந்துபோன வருஷங்களில் எது நோய் செய்தது, எது நான் செய்தது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ‘காசு வாங்கிட்டியா’ என்ற அந்த ஒரு வார்த்தையைத் தவிர. அது நான் சொன்னது.