மக்கிப் போகட்டும்

தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் ரோலண்ட் அந்தப் பழைய விமானத்தின் இறக்கை அடிப்பக்கத்தைப் படமெடுப்பார். ஞாயிறு காலையில் அருங்காட்சியகத்தின் பின்புறக் கொட்டகையில், அறுபதைத் தாண்டிய மனிதர் எறும்பு ஏறுவதைக்கூடப் பொருட்படுத்தாமல் கிடப்பதைப் பார்க்கிறவர்கள், விமானப் பித்து என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

பிழைப்பு, ரெங்கம் ஊரில் கல்யாணப் படம் எடுப்பது. மணப்பெண் முகத்தில் ஒரு பருவைக்கூட விட்டுவைக்காத கை. இங்கே மட்டும் எதையும் அழிப்பதில்லை. அலுமினியத் தகடு வெள்ளையாகப் பூத்து உதிர்வதும், எஞ்சின் துரு செதில் செதிலாகக் கழல்வதும் எவ்வளவு தெளிவாக விழுகிறதோ அவ்வளவு நல்லது. பழைய படத்தைக் கைப்பேசியில் திறந்து, இறக்கைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்ப்பார். ஓட்டை பெரிதாகியிருந்தால் அன்றைக்கு வீட்டில் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவார்.

"சர்ச்சுல ஞாயிறு பூசைக்கு வர முடியல, பழைய இரும்பப் பார்க்க மட்டும் போக முடியுது" என்பார் மனைவி வினிஃப்ரெட்.

"கும்பிடவா போறேன்? எப்ப மக்கிப் போவும்னு பார்க்கப் போறேன்லா."

ஜப்பானியப் போர்க்காலத்தில் காஹாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளின் மேல் விழுந்த பிரிட்டிஷ் விமானம் அது. ரோலண்டின் அப்பா அப்போது சிறுவர். ஆற்றில் தண்ணீர் எடுக்கப் போயிருந்ததால் தப்பினார். வீட்டிலிருந்த தாயும் கைக்குழந்தைத் தங்கையும் தப்பவில்லை. லயத்தை ஒட்டிய சதுப்பில் புதைந்து, பின்னாளில் தோண்டியெடுத்த பாகங்களுக்கு முன்னால் கொட்டகையில் ஒரு பலகை நிற்கிறது. விமானியின் பெயர், ஊர், வயது எல்லாம் அதில் உண்டு. லயத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. ரோலண்ட் அருங்காட்சியக அலுவலகத்தில் போய்க் கேட்டார். வீட்டுக்கு வந்து வினிஃப்ரெட்டிடம் பொருமினார்.

"ஆதாரம் வேணுமாம். தோட்டத்தாளு செத்ததுக்கு எவன் அன்னைக்கு சர்ட்டிபிகேட் குடுத்தான்?"

எடுத்த படங்களை ஃபேஸ்புக்கில் போடுவார், ஒரு சொல்லும் எழுதாமல். அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் லோஷினி அவற்றைப் பார்த்து, விமானியின் குடும்பத்துக்கு அனுப்பிவிட்டாள். அடுத்த ஞாயிறு அவரைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"அங்கிள், உங்க படத்தப் பார்த்து அவங்க அழுதுட்டாங்க. ரிப்பேர் செலவு முழுக்க ஏத்துக்கிறாங்க."

ரோலண்ட் கேமராவைப் பைக்குள் வைத்து மூடினார். "அலமாக், போச்சு," என்றார் மெதுவாக. "நானே காப்பாத்தி விட்டுட்டேனா."

பழுது பார்த்து முடித்த விழாவுக்கு லோஷினி வற்புறுத்தி அழைத்தாள். போனார். இறக்கையில் புதுப் பெயின்ட் வாடை. விமானியின் பேத்தி முறைப் பெண்ணொருத்தி லண்டனிலிருந்து வந்து பலகைக்குக் கீழே வெள்ளைப் பூ வளையம் வைத்தாள். பிறகு ரோலண்டின் இரு கைகளையும் பிடித்து நன்றி சொன்னாள். அவர் கைகளை உருவிக்கொள்ளவில்லை.

என் அப்பாவின் அம்மா இதற்கு அடியில்தான் இருந்தார், ஒரு குழந்தையோடு என்று ஆங்கிலத்தில் சொன்னார். கல்யாண வீட்டில் மணமக்களை நகர்ந்து நிற்கச் சொல்லும் அதே குரலில். லோஷினி தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பெண் பலகைக்கு முன்னால் குனிந்தாள். வளையத்திலிருந்து ஒரு பூவைப் பிரித்தெடுத்து அவரிடம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டார். விமானியின் பெயர் மட்டுமே இருந்த பலகையருகே போய் நின்றார். இறக்கையைச் சுற்றி நடந்தார். சிமெண்டுத் தரையைக் குனிந்து பார்த்தார். எங்கும் வைக்காமல் பூவைச் சட்டைப் பைக்குள் போட்டு, பொத்தானை மாட்டினார்.