நான்கு தளர்ந்த அம்புகள்

பிர்ச் மரக்காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், ஓடைக்கரையில் லுந்தேக்கின் கூடாரம் இருந்தது. வானம் தெளிந்திருந்தால் மட்டும் அடுத்த கூடாரத்துப் புகை கண்ணுக்குத் தெரியும். மனைவி கண்ட்மா இறந்தபின் அவருக்குப் பேச்சுத்துணை நாய் ஒன்றுதான். அதுவும் கிழடு, பாதிப் பேச்சில் தூங்கிவிடும்.

லுந்தேக் அம்பு செய்பவர். கதவோரம் ஒரு பலகையை நிமிர்த்தி நிறுத்தி, அதில் இரண்டு ஆணிகள் அறைந்திருந்தார். ஆணிகளின்மேல் அம்புக்கோலைப் படுக்க வைத்து, நடுவில் ஈயம் நிரப்பிய தோல்பையைத் தொங்கவிடுவார். கோல் எவ்வளவு தொய்கிறது என்பது பின்னால் கீறியிருக்கும் கோடுகளில் தெரிந்துவிடும். எய்யும்போது கோலின் எந்தப் பக்கம் வில்லை ஒட்டி இருக்கப்போகிறதோ, அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்துப் பார்க்க வேண்டும். புரட்டி வைத்தால் அதே கோல் வேறு கோட்டில் நிற்கும். ஒரே கோட்டில் நிற்பவைதான் ஒரு கட்டில் சேரும்.

கண்ட்மாவின் அண்ணன் நொரொவ் அந்த வட்டாரத்தில் பெயர்பெற்ற வில்லாளி. கோடை விழாவின் வில்போட்டிக்கு ஒரு மாதம் முன்பு அம்பு வாங்க வருவார். தங்கை இருந்தவரை நாலைந்து நாள் தங்கி, ஆடு அடித்துச் சாப்பிட்டு, சீட்டில் ஏமாற்றிவிட்டுப் போவார். அவள் போனபின் வருகிறார், எய்து பார்க்கிறார், அம்பு நேராகப் போகிறது, ஒரு கிண்ணம் உப்புத் தேநீரோடு கிளம்பிவிடுகிறார். "ராத்திரி இருந்துட்டுப் போங்க மச்சான்" என்பார் லுந்தேக். "அடுத்த தடவை பாப்போம்" என்பார் நொரொவ். வந்தவரிடம் எந்த வீட்டிலும் சொல்லும் வார்த்தை அது, எந்த விருந்தாளியும் சொல்லும் பதிலும் அதுதான்.

இந்த ஆண்டு பன்னிரண்டு அம்புகள் கட்டும்போது, இரண்டு கோடு கீழே தொய்ந்த நான்கு கோல்களையும் லுந்தேக் அதில் சேர்த்தார். மற்றவற்றுக்கு இட்ட அதே கழுகிறகு, அதே கொம்பு முனை. பார்வைக்கு வித்தியாசமே இல்லை. எய்தால் நான்கும் இடப்புறம் ஓடும். 'நாளைக்குச் சரிபண்ணித் தர்றேன்' என்று சொல்லலாம். ஒரு ராத்திரி மனுஷக்குரல் கேட்கலாம்.

மதியம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"நாயைப் பிடி மாப்ளே!"

"அதை யாராவது எழுப்பினாத்தான் பிடிக்கணும். வாங்க மச்சான்."

இருவரும் மூக்குப்பொடிக் குப்பிகளை மாற்றி முகர்ந்துகொண்டார்கள். நொரொவ் உட்காரக்கூட இல்லை. வில்லுக்கு நாணேற்றினார். புல்வெளிக் கோடியில் அடுக்கியிருந்த தோல் உருளைகளைக் குறிபார்த்து விட்டார். முதல் அம்பு உருளையைத் தட்டியது. இரண்டாவது இடப்புறம் ஓடியது. மூன்றாவதும் நாலாவதும் நேர். ஐந்தாவது மறுபடி இடப்புறம்.

"காத்து அடிக்குதோ?" என்றார் லுந்தேக்.

"காத்தாவது மண்ணாவது. புல்லு அசையலையே."

பன்னிரண்டும் முடிந்தபோது நொரொவ் வில்லைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். லுந்தேக் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார்.

"பனிக்காலத்துல குதிரை தள்ளிவிட்டுச்சு. தோள்பட்டை ஆறிடுச்சுன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். உன் அம்புல விட்டுப் பாத்தா உண்மை தெரிஞ்சுரும்னு வந்தேன். தெரிஞ்சுபோச்சு." நாணைக் கழற்றினார். "இந்த வருஷம் போட்டிக்குப் பேர் குடுக்கப்போறதில்ல. வில்லை மருமகனுக்குக் குடுத்துடறேன்."

"அம்புல ஏதாவது..."

"உன் அம்பு பிசகுமா? என் தங்கச்சி உன்னைக் கட்டினதே அதை நம்பித்தானே. மூஞ்சியைப் பாத்தா கட்டினா?" என்று சிரித்துவிட்டுத் தோளைத் தடவினார். வில்லை உறைக்குள் நுழைத்தார்.

லுந்தேக் புல்வெளியில் நடந்துபோய் அம்புகளைப் பொறுக்கினார். திரும்பி வந்து, பார்க்காமலே விரலால் வளைத்து நான்கைத் தனியே பிரித்து நீட்டினார்.

"இது நாலும் தளர்ந்த கோல். உங்க வில்லுக்கு ஆகாது. தோள்ல ஒண்ணும் இல்ல."

"தவறிச் சேந்துருச்சா?"

"இல்ல."

நொரொவ் புரியாமல் பார்த்தார்.

"சரியா இருந்தா உடனே கிளம்பிடுவீங்க. அதான்."

"இருங்க மச்சான்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேனே."

"வருஷா வருஷம் சொன்னேன்."

"அது எல்லாரும் சொல்றதுதானேடா."

"நான் நிஜமாத்தான் சொன்னேன்."

நொரொவ் நான்கு அம்புகளையும் முழங்காலில் வைத்து ஒவ்வொன்றாக முறித்துப் போட்டார். வண்டியைப் பார்த்தார். பிறகு மிச்ச எட்டையும் லுந்தேக்கின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கூடாரத்துக்குள் போய்ப் பலகைமுன் உட்கார்ந்தார். லுந்தேக்கின் சொல்லே போதும் என்று இத்தனை வருஷத்தில் அவர் அதைத் தொட்டதில்லை. முதல் அம்பை ஆணிகளின்மேல் வைத்து ஈயப்பையை மாட்டினார்.

"எந்தக் கோடு?"

லுந்தேக் விரலால் காட்டினார். அம்பு அங்கேதான் நின்றது. நொரொவ் அதை எடுத்துவிட்டு அடுத்ததை வைத்தார். அதுவும் சரி. அதற்கடுத்ததை இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார்.

லுந்தேக் அடுப்பு மூட்டித் தேநீர் கொதிக்க வைத்தார். கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தபோது நொரொவ் திரும்பவில்லை. எட்டும் சரியாக இருந்தன. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முதல் அம்பை எடுத்து அவர் மறுபடி ஆணிகளின்மேல் வைத்தார்.