ஆறாவது கட்டத்தில் ஒற்றைக்கால்

டிரில் டீச்சராகப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலையில் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு தப்பு செய்தேன். அதற்கு இரக்கம் என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

1. பெஞ்சு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கம் கடலோரத்தில் ஒரு பெண்கள் பள்ளி. டிரில் வரிசையில் ஒருத்தி கம்பு ஊன்றி நின்றாள். மூன்றாம் வகுப்புச் சூசையம்மாள், மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. சிறு வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பி மடங்கிவிட்டது, தரையில் படாது. கால் நோகுமே என்று அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். சிலேட்டைக் கொடுத்து, மற்றவர்கள் குதிப்பதை எண்ணச் சொன்னேன். மூன்று மாதம் எண்ணினாள். நானும் பெரிய தர்மம் செய்த நினைப்பில் திரிந்தேன்.

2. பாண்டி

ஒரு நாள் மணியடிக்கும் முன்பே போய்விட்டேன். கம்பு சுவரில் சாய்ந்திருந்தது. மணலில் கட்டம் போட்டு, ஓட்டுச் சில்லை எறிந்து, தனியாகப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு கோட்டையும் மிதிக்கவில்லை. என்னைக் கண்டதும் நின்றாள்.

“இதுல எல்லாரும் ஒத்தக்கால்தான டீச்சர்?” என்றாள்.

எனக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. அன்றே ஆண்டு விழாப் பந்தயத்துக்கு அவள் பெயரை எழுதினேன்.

3. ரூல்

பாண்டியில் ஆறாவது கட்டம் இளைப்பாறும் இடம். அங்கே இரண்டு காலையும் ஊன்ற வேண்டும். பழகும்போது சூசையம்மாள் அதிலும் ஒற்றைக்காலில்தான் நிற்பாள். பிள்ளைகள் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. விழாவன்றும் அப்படியே நின்றாள்; எதிர் அணிப் பெண் ஒருத்தி தப்பு என்று கையைத் தூக்கிவிட்டாள். தலைமை ஆசிரியை, வந்திருந்த பெரிய மனுஷர்கள், எல்லாரும் நடுவராக நின்ற என் முகத்தையே பார்த்தார்கள். ரூல் தெரியாத டீச்சர் என்று ஆகிவிடுமோ என்ற பயத்தில் “அவுட்” என்றேன்.

அவள் அழவில்லை. சில்லை எடுத்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமை வரவில்லை.

இரண்டு வாரம் பொறுத்து வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: “கடப்புறத்துல வெளையாடுதா டீச்சர். அங்க அவள யாரும் அவுட்டுன்னு சொல்ல மாட்டாவ.”

ஈர மணலில் அவள் கட்டம் கட்டமாகத் தாவிக்கொண்டிருந்தாள். கிட்டே போய், “ரூல மாத்தியாச்சு மக்கா, வா” என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். வரவில்லை.

4. ரெஜிஸ்டர்

நான் ஓய்வு பெறும்வரை எங்கள் பள்ளியில் ஆறாவது கட்டத்துக்கு ஒற்றைக்கால் போதும். அதை மாற்ற ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. விழாவன்று அது என் வாயில் வரவில்லை. நீங்களாவது முதலில் பிள்ளையைப் பாருங்கள், பிறகு கோட்டைப் போடுங்கள்.

தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை ரெஜிஸ்டரில் அடித்துவிட வேண்டும். எனக்குக் கை வரவில்லை. அந்த ஆண்டு முடியும்வரை தினமும் “சூசையம்மாள்” என்று கூப்பிட்டேன். பிள்ளைகள் “ஆப்சென்ட் டீச்சர்” என்பார்கள். வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போவேன்.