கடைசித் தெரு வரைக்கும் பெரிய பைப்

செண்பகம் மேடம் போய்விட்டார். காலையில் பல் துலக்கும்போது போன்... பேஸ்ட் வாயோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அருப்புக்கோட்டைக்காரர். திருச்சுழி பக்கம் எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் பைப்லைன் போட்ட இன்ஜினியர்.

அதற்கு முந்தைய லைனில் முதல் தெருவுக்குத் தண்ணீர், நடுத்தெருவுக்குச் சொட்டு, கடைசித் தெருவுக்கு வெறும் காற்று. நாங்கள் முதல் தெரு. அதனால் அந்த லைனில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மேடம் போட்ட பிளானில் டேங்கிலிருந்து கடைசித் தெரு வரை ஒரே பருமனில் பெரிய பைப். ஊரில் பெரிய தலையான எங்கள் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. நேரே போய்க் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, என் வீட்டு வாசலைத் தாண்டிப் போற பைப்பு எதுக்கு இம்புட்டுப் பெருசு?"

"தாண்டிப் போறதுனாலதாண்ணே. போற வழியெல்லாம் உரசி உரசித் தண்ணிக்கு வேகம் செத்துரும். பைப்பும் சிறுத்துட்டா அங்க போயி என்னத்த விழும்?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார். அத்தையிடம் சொன்னேன். அத்தை ஊருக்கே சொன்னார்.

மறுநாள் வேவு பார்க்க என்னை அனுப்பினார் மாமா. போய் நின்ற இரண்டாவது நிமிஷம், "சார், சும்மாதான நிக்கிறீக, இந்த அளவு டேப்பைப் பிடிங்க" என்றார் மேடம். பிடித்தேன். பொழுது சாயும்வரை பிடித்தேன். சம்பளமில்லாத உளவாளி, கட்சி மாறிய கதை இதுதான்.

எங்கள் ஊர் கரிசல் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். பைப்பைச் சுற்றி மணல் மெத்தை இல்லாவிட்டால் மண்ணே அதை முறித்துவிடும் என்பார் மேடம். அந்த மணலில் ஒரு டிராக்டர் லோடு காணாமல் போனது. மாமா வீட்டு மாட்டுத்தொழுவம் மட்டும் திடீரென்று கடற்கரை மாதிரி இருந்தது...

மேடம் வந்தார். அத்தை கொடுத்த மோரைக் குடித்தார், மாடுகளை நலம் விசாரித்தார், மணலை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சத்தமே இல்லை.

தண்ணீர் விட்ட அன்று மாமா வாசல் குழாயில் மாலையோடு நின்றார். மேடம் நின்றது கடைசித் தெருக் குழாயில். முதலில் புஸ்ஸென்று காற்று. பிறகு சேறு. மேடத்தின் முகத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை.

அப்புறம் வந்தது பாருங்கள் தண்ணீர்... அடியில் வைத்திருந்த குடமே உருண்டுவிட்டது.

அந்தக் குடத்துக்காரி, கடைசித் தெரு முத்துலட்சுமிதான் இன்று காலை போனில். "அண்ணே, மேடத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைக்கு எங்க தெருக் குழாத்தண்ணி கொண்டு போறோம். அவுக மகன்கிட்டக் கேட்டாச்சு, கொண்டாங்கன்னுட்டாரு. பஸ்ஸுல தளும்பும், உங்க கார் வருமா?"

இப்போது அருப்புக்கோட்டை ரோட்டில், பெட்ரோல் பங்கில் நிற்கிறேன். முன் சீட்டில் முத்துலட்சுமி.

பின் சீட்டில் மாமா. கூப்பிடாமலே வந்து ஏறிக்கொண்டார். குடத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். பள்ளத்தில் கார் இறங்கினால் என்னைத்தான் திட்டுகிறார்.

மேடம்... தண்ணியோட வாரோம்.