பீல்டு ரூம் வேலுத்தாய்

"தாடைய இதுல வைங்க அண்ணாச்சி. நடுவுல இருக்க மஞ்ச வெளக்கையே பாருங்க. ஓரத்துல எங்கயாவது பொட்டு வெளிச்சம் மின்னுனா பட்டன அமுக்குங்க. மின்னலன்னா சும்மா இருங்க. எம்புட்டு அமுக்குனாலும் மார்க்கு கெடையாது."

ஒரு நாளைக்கு எட்டுத் தடவை இதையே சொன்னாலும் வேலுத்தாய்க்குக் குரல் தேய்வதில்லை. ராஜபாளையத்துக் கண்ணாஸ்பத்திரி ஒன்றில், பார்வைப் பரப்பைச் சோதிக்கும் கம்ப்யூட்டர் மிஷினுக்கு அவள்தான் பொறுப்பு. தொண்ணூற்றொன்றில் வந்த மிஷின். அதற்குச் சூடு ஆகாது என்று, எல்லாரும் 'பீல்டு ரூம்' என்று சொல்லும் அந்த அறைக்கு ஏசி போட்டிருக்கிறார்கள். "அது தயவுல எனக்கும் குளுகுளுன்னு இருக்கு" என்பாள். செருப்பை வாசலில் கழற்றாத யாரையும், டாக்டரையும் சேர்த்து, உள்ளே விடமாட்டாள்.

கண்ணில் அழுத்தம் கூடும் நோய் சத்தமில்லாமல் ஓரப் பார்வையைத் தின்றுவிட்டுத்தான் நடுவுக்கு வரும். தின்ற இடத்தை மிஷின் தாளில் கறுப்பாக அடித்துக் காட்டிவிடும். ஆனால் நம் ஜனங்களுக்குச் சோதனை என்றாலே பாஸாக வேண்டும். கூமாப்பட்டிச் சம்சாரி ஒருவர் பட்டனை மடியில் போட்டுவிட்டு, ஒவ்வொரு பொட்டுக்கும் "ஆமா தாயி, வந்துட்டு" என்று வாயாலேயே வரவேற்றார். ஆலங்குளத்து வாட்ச்மேன் சங்கையா, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மின்னாததற்கெல்லாம் அமுக்கித் தள்ளினார்.

மிஷின் லேசுப்பட்டதா? பொட்டு மாறும்போதெல்லாம் உள்ளே 'டிக்' என்று கேட்கும். நடுநடுவே வெளிச்சம் காட்டாமல் அந்தச் சத்தத்தை மட்டும் கொடுத்து, அதற்கும் அமுக்குகிறவர்களை எண்ணி வைத்துக்கொள்ளும். "பத்துக்கு ஏழு பொய்யி அண்ணாச்சி. என்னைய ஏமாத்திரலாம், இத ஏமாத்த முடியாது. ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்க, முதல்ல இருந்து பாப்போம்" என்று சங்கையாவை அனுப்பிவைத்தாள்.

போன ஆனியில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவளுடைய அக்கா இசக்கியம்மாள் வந்தாள். பக்கவாட்டில் வந்த சைக்கிள் தெரியாமல் மோதி விழுந்திருந்தாள். சோதனை செய்தது வேலுத்தாய்தான். பாதிக்கு மேல் கறுப்பாக வந்த தாளைக் கிழித்தெடுத்ததும் அவள்தான்.

"கூடப் பொறந்தவ, நீயும் பாத்துரணும்" என்றார் டாக்டர் பங்கஜவல்லி. ஆனி முடியட்டும் என்றாள். ஆடி பிறந்ததும், "ஆடியில யாராவது புதுசா ஒண்ணத் தொடங்குவாகளா டாக்டரம்மா?" என்றாள். ஆவணி முதல் வாரம் டாக்டரே கையைப் பிடித்து உட்காரவைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மிஷினையும் ஓட்டினார்.

தாளைப் பார்த்த டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பத்துக்கு ஒன்பது பொய். சங்கையாவே தேவலை.

"என்ன வேலுத்தாயி, ஊருக்கெல்லாம் நீதான சொல்லுவ?"

"டிக்குன்னா கை தன்னால போகுது டாக்டரம்மா. அக்கா தாளு மாதிரி வந்துருமோன்னு பயமா இருக்கு." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். "வந்திருந்தா இப்பவே மருந்து போட்டு மிச்சத்தக் காப்பாத்திரலாம். இப்படி அமுக்குனா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ஒங் காத சோதிச்ச மாதிரிதான் ஆகும்."

வேலுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்து போய், ஊசி போடும் மேஜையிலிருந்து கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து வந்தாள். இரண்டு உருண்டையாக உருட்டி, காது இரண்டையும் இறுக அடைத்துக்கொண்டு, தாடையைக் கொண்டுபோய் வைத்தாள்.